ஒப்பீட்டுத் தட்டு

ஆய்வுகூடத்து யன்னல் கம்பியை
காலிமுகத்துப் பக்கமிருந்து வரும் காற்று தின்கிறது.
பூச்சு அடித்தாலும் ஆறு மாதம்தான்.

உள்ளே பன்னிரண்டு தட்டுகள்.
எல்லாம் மொட்டைக்கறுப்பன்.
சிவப்பு நாடா ஒட்டிய ஆறுக்கு உப்புத் தண்ணீர்,
வெள்ளை நாடா ஆறுக்கு வடித்த தண்ணீர்.
ஊற்றுவது, அளப்பது, கொப்பியில் எழுதுவது:
என் சம்பளம் இதற்குத்தான்.
"இன்றைக்கு ஆருக்குத் தண்டனை?"
என்று கேட்டபடி துஷாரிகா கையுறை மாட்டுவாள்.

உப்புப் பட்ட பயிர் உடனே சாய்வதில்லை.
நுனி மஞ்சளிக்கும்.
பிறகு இலைத்துளைகளை நேரத்தோடு மூடப் பழகும்,
உச்சி வெயிலுக்குக் காத்திராமல்
காலை பத்து மணிக்கே.
பட்டினி கிடக்கலாம், காயக்கூடாது என்று.

அதன் விதையை எடுத்து
நல்ல தண்ணீரில் வளர்த்தோம்.
உப்பென்றால் என்னவென்று தெரியாத பிள்ளைகள்.
பத்து மணிக்கு மூடிக்கொண்டன.

எழுத்து மாறவில்லை. வரி வரியாய்ப் பார்த்தோம்.
அதே எழுத்து, அதே வரிசை.
சிலவற்றின் தலையில் மட்டும் புதிதாய் ஒன்று,
மெய்யின் மேல் புள்ளி போல.
க இருந்த இடத்தில் க்.
வாய் திறந்திருந்த ஒலி
தொண்டையோடு நின்றுவிடுகிறது.
அறிக்கையில் மெதைல் என்று எழுதுவேன்,
எனக்குள் புள்ளி என்பேன்.
ஏட்டில் எழுதியவர்கள் புள்ளி குத்தமாட்டார்களாம்,
ஓலை கிழிந்துவிடும் என்று.
இந்த இலையில் பல்லாயிரம் குத்தியிருக்கிறது,
ஓர் இடமும் கிழியவில்லை.

போன மாதம் வந்த விருந்தினர் ஒருவர்
தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.
"அப்படியென்றால் யுத்தமும் இப்படித்தானா,
உங்கள் ஆட்களுக்கு?"
நெல், சேர், என்றேன்.
இது நெல்லைப் பற்றியது.

ஆனால் இருபத்திரண்டாம் ஆண்டைச் சொல்லவேண்டும்.
பத்து மணித்தியாலம், பதின்மூன்று மணித்தியாலம்
மின்சாரம் இல்லை.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை.
வளர்ப்பு அறை அடுப்பாகிவிட்டது.
நானும் துஷாரிகாவும் காவலாளி சுனந்தவும்
பன்னிரண்டு தட்டையும் மொட்டைமாடிக்குச் சுமந்தோம்.
வடிக்கும் இயந்திரமும் நின்றுபோனதால்
எல்லாவற்றுக்கும் குழாய்த் தண்ணீர்,
அதுவும் வந்த நாளில்.
ஐந்தாம் நாள் பெற்றோல் வரிசையில் நின்றேன்,
பயிர்கள் சீமெந்தில் நின்றன.
சிவப்பு வெள்ளை பாராமல் வெயில் அடித்தது.

அந்தப் போகத்து விதை முளைத்தபோது
வெள்ளை நாடாப் பிள்ளைகளும்
பத்து மணிக்கு மூடின.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ஒன்றுமே நடக்காத தட்டு ஒன்று வேண்டும்,
அதோடு வைத்துப் பார்த்தால்தானே
நடந்தது என்னவென்று தெரியும்.
"ஒப்பீடு போய்விட்டது. எறியுங்கள்."

எறியவில்லை.
சிவப்பிலிருந்து நான்கு தலைமுறை
நல்ல தண்ணீரில் ஓட்டிப் பார்த்தோம்.
புள்ளிகள் உதிர்ந்தன,
எல்லாம் இல்லை.
எது உதிரும், எது நிற்கும்
என்பதற்கு எங்களிடம் சூத்திரம் கிடையாது.
மறப்பதற்கும் ஒரு நொதியம் இருக்கிறது,
அதுவும் வேலைக்கு வரும், லீவும் போடும்.

வெள்ளைத் தட்டின் விதையில் ஒரு பிடி
ஜாம் போத்தலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
லேபலில் என்ன எழுதுவதென்று யோசித்து
கடைசியில் எழுதினேன்:
கொழும்பு, 2022.

வெள்ளவத்தையில் நான்காம் மாடி.
கீழே கரையோர ரயில், அதற்கப்பால் கடல்.
பல்கனியில் பழைய வாளியில் சேறு குழைத்து
ஏழு விதை ஊன்றினேன். ஐந்து வந்திருக்கிறது.
அளவுகோல் இல்லை, நாடா இல்லை.
காலையில் தண்ணீர் விட்டுவிட்டு
எட்டுக்கு பஸ் பிடிக்கிறேன்.

பத்து மணிக்கு அவை மூடுகின்றனவா
என்று எனக்குத் தெரியாது.
அந்த நேரம் நான்
வேறு தட்டுகளுக்கு உப்பு நிறுத்துக்கொண்டிருப்பேன்.