இடமிருந்து மூன்றாவது

சவரிராயனுக்குப் பிரெஞ்சு எழுத்து தெரியாது.
தெரியாது என்பது எனக்கு மட்டும் தெரியும்.
ஒதியஞ்சாலைக் கூடாரத்தில்
திரைக்கு இடப்பக்கம் ஸ்டூல் போட்டு ஏறி
மூங்கில் கழியால் சுட்டிச் சுட்டி
பாரிஸ் சீமாட்டியை
மாமியார் கொடுமைக்கு ஆளாக்குவார்.
தொப்பிக்காரத் திருடனுக்கு
வில்லியனூரில் ஒரு பங்காளித் தகராறு.
ரீல் மாறிப்போய்
செத்தவன் எழுந்து பந்தியில் உட்கார்ந்த அன்று
"தெவசத்துக்கு வந்திருக்கான், இலை போடு" என்றார்.
கூடாரம் குலுங்கியது.

முன்பு கப்பல் பாலத்தில்
சுங்கம் பிடித்த சரக்கை ஏலம் கூவியவர்.
ஒருதரம், ரெண்டுதரம் என்கிற அந்த இழுப்பு
நாக்கைவிட்டுப் போகவேயில்லை.
முத்தக் காட்சியிலும் வரும்.

நான் கைப்பிடி சுற்றுகிறவன்.
அவர் மூச்சைப் பார்த்துச் சுற்றுவேன்.
இருமினால் மெதுவாக.
கத்திச்சண்டை என்றால் என் தோள்பட்டை கழலும்.

யுத்த வருஷம்.
சீமையிலிருந்து ஒரு துண்டுப் படம் வந்தது:
சொல்தாக்கள் சேற்றில் நடக்கிறார்கள்.
அவ்வளவுதான், கதை கிடையாது.
என்ன செய்வார் மனுஷன்?
பெயர் வைத்தார்.
"முன்னால போறது முத்தியால்பேட்டைத் தறிக்காரர் மகன்.
மூட்டை தூக்குறவன் உப்பளத்தான்.
இடமிருந்து மூணாவது, குருசுக்குப்பம் கலிவரதன்.
பாரு, நம்மளைத்தான் பாக்குறான்."

மறுநாள் பெண்கள் பக்கம் இடமில்லை.

அஞ்சலாட்சி ஒன்பது நாள் வந்தாள்.
மீன்கூடையை வாசலில் இறக்கிவிட்டு
ஈர முந்தானை முடிச்சிலிருந்து
சில்லறை அவிழ்த்து.
பத்தாம் நாள் எழுந்து நின்றாள்:
"நடந்துக்கிட்டே இருக்கானே.
செத்த நேரம் நிறுத்துய்யா, பார்த்துக்கறேன்."

கழி என் பக்கம் திரும்பி அசைந்தது.
நிறுத்தக் கூடாது.
விளக்கு முன்னால் நின்றால் படம் பொசுங்கும்.
அவருக்கும் தெரியும்.
நிறுத்தினேன்.

நின்றான்.
அரும்பு மீசை, ஒரு பக்கம் தூக்கிய காலர்.
பிறகு கன்னத்தில் ஒரு பழுப்புப் புள்ளி
அகலமாகிக் கொப்புளித்து
வெறும் வெள்ளைத் துணி.

நான் வாளி மணலைக் கொட்டிக்கொண்டிருந்தபோது
கூடாரமே அவர் வாயைப் பார்த்தது.
ஒருதரம்கூட வரவில்லை அதிலிருந்து.

அஞ்சலாட்சிதான் பேசினாள்:
"அது என் புள்ளை இல்ல.
அவனுக்கு இடது காது மடங்கியிருக்கும்.
மொத நாளே தெரியும்."
கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள்.

எட்டுக் கட்டம் வெட்டி ஒட்டினேன்.
அதற்கப்புறம் அந்த இடத்தில்
மூன்றாவது ஆள் திடுக்கென்று
ஓரடி முன்னால் இருப்பான்.
சவரிராயன் மற்ற எல்லாருக்கும் பெயர் சொல்வார்.
அவன் வரும்போது தண்ணீர் குடிப்பார்.

படம் தானே பேச ஆரம்பித்ததும்
மேரி வாசலில் லாட்டரி எண் கூவப் போனார்.
சம்பளம் கூடுதல். வருத்தமெல்லாம் இல்லை.

வெட்டிய எட்டில் ஒன்று பொசுங்காமல் தப்பியது.
என் சுண்ணாம்பு டப்பியில் கிடக்கிறது.
காதைப் பார்க்கலாம்தான்.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்ததில்லை இன்னும்.