கணக்கு இலக்கம் 417

களுவாஞ்சிகுடி கடன் சங்கம்.
கறுப்புத் திரையில் பச்சை எழுத்து,
தொண்ணூற்றெட்டில் யாரோ எழுதிய நிரல்.
கையேடு இல்லை. எழுதியவர் மொன்றியலிலாம்;
அந்த இலக்கத்தை இப்போது
ஒரு பிரெஞ்சுக்காரி எடுக்கிறாள்.

ஒரு ரூபாய் போட்டு வட்டி பார்த்தேன்.
நூறு போட்டேன்.
பெப்ரவரி முப்பது என்று பொய் சொன்னேன்.
வாய் திறக்காத ஆளிடம்
வாக்குமூலம் எடுப்பதுபோல் மூன்று கிழமை.

எல்லாம் பிடிபட்டது, ஒரு வரி தவிர:
கணக்கு 417 என்றால் வட்டி பூச்சியம்.

வரியை எடுத்துவிட்டு ஓட்டினேன்.
ஒரு தையல் மெசின்
கல்வீட்டின் விலைக்கு வந்து நின்றது.

முகாமையாளர் புவிராசாவுக்கு ஒன்றும் தெரியாது.
"பழைய பேரேடு இறாக்கையில கிடக்கு, பாருங்க."

கறையான் விட்டுவைத்த பக்கத்தில்
கந்தப்போடி நாகமணி, தையல்காரர்.
பத்துத் தவணை, ஒரு நாள் பிந்தாமல்.
பதினோராவது, 1990 ஓகஸ்ட்:
வெறுங் கட்டம்.
அதன்பின் எல்லாம் வெறுங் கட்டம்.
மரணச் சான்றிதழ் இணைக்கவும் என்று
பென்சிலால் எழுதி
யாரோ அழித்திருக்கிறார்கள்.

புதிய நிரலிலும் அந்த வரியை வைத்தேன்.
பக்கத்தில் குறிப்பு எழுதத் தொடங்கி
விட்டுவிட்டேன்.

கணக்காய்வாளர் கேட்டால்
பழைய பிழை ஐயா,
பார்க்காமல் வந்துவிட்டது
என்பேன்.