மூக்கையூர் ஏலக்கொட்டகையில் ஒரு பாராட்டு விழா

மடல் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.
சங்கத்தில் ஐஸ் கணக்கும் டீசல் கணக்கும்
எழுதிப் பழகிய கை.
"முப்பத்தேழு வருச சர்வீசு, மேஜர் ஜெனரல், சும்மாவா?
நாலு பக்கமாவது வரட்டும்" என்றார் தலைவர் ரொசாரியோ.

சாதனைப் பட்டியல் கேட்டு ஆள் அனுப்பினேன்.
ஒற்றைத் தாள் வந்தது.
வருடம் இருந்தது. பக்கத்தில் இடம் என்று ஒரு கட்டம்,
அதில் கோடு.
அடுத்த வருடம். கோடு.
ஆறு பதக்கங்கள். எதற்காக என்ற இடத்தில் கோடு.
ஒரே ஒரு வருடத்துக்கு நேராக மட்டும்
'மஞ்சள் காமாலை, ஆஸ்பத்திரி' என்று
முழுசாக எழுதியிருந்தார் கஸ்பார் மச்சாது.

சிங்கம் என்று எழுதி அடித்தேன்.
இந்தக் கரைக்குச் சிங்கம் வந்ததில்லை.
புயல் என்று எழுதி உடனே அடித்தேன்.
புயலை இங்கே யாரும் பாராட்டாகச் சொல்வதில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் கொட்டகையைக் கழுவினார்கள்.
எத்தனை வாளி ஊற்றியும் தரையில் சூடை மீன் வாசம்.
மீன்பெட்டிகளைக் கவிழ்த்துப் பலகை போட்டால் மேடை.
கச்சான் காற்று பந்தலைத் தூக்கத் தூக்க
மைக்செட் மரியான் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

ஆள் பெரிதாக இருப்பார் என்று நினைத்திருந்தோம்.
பத்திர ஆபீஸ் வரிசையில் நிற்கிறவரைப் போல இருந்தார்.
இரண்டு முறை பார்த்தாலும் மனதில் தங்காத முகம்.
மாலை போட்ட நடு நாற்காலியை விட்டுவிட்டு
வாசல் தெரிகிற ஓர நாற்காலியில் உட்கார்ந்தார்.

மடலை வாசித்தேன். ஒன்றரை நிமிடம்.
கைதட்டினார்கள், கூலிக்குத் தட்டுவதுபோல.
"ஒரு சம்பவம் சொல்லுங்க சார்!"
பின்னாலிருந்து விசைப்படகுப் பையன்கள்.

எழுந்தார். மைக்கைத் தொடவில்லை.
ஊர்ப் பேச்சு கொஞ்சம் துருப்பிடித்து வந்தது.

"ஒரு அமாவாசை ராத்திரி.
எந்தக் கடல்னு கேக்காதிய.
ஏழு பேர் இறங்கினோம்.
கழுத்தளவு தண்ணி, ஒரு பாறை மறைவு,
ஒன்பது மணி நேரம் நின்னோம்.
வர வேண்டியவங்க வரல.
ஒரு தோட்டா செலவாகல.
விடியுமுன்ன திரும்பிட்டோம்.
ஏழு பேரும்."

உட்கார்ந்துவிட்டார்.

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.
ஒன்பது மணி நேரம் கிடந்து வெறுங்கையோடு வந்தால்
எங்களுக்கு அது நட்டம்;
நானே சிவப்பு மையில் எழுதுவேன்.

பெர்னதத்துதான் முதலில் தட்டினாள்.
தூரத்தில் படகு தெரிந்தால் தலைகளை எண்ணுகிறவள்,
மீனைப் பற்றிப் பிறகுதான் கேட்பாள்.
அப்புறம் வியாகுலம், சூசையம்மாள்,
அப்புறம் பெண்கள் பக்கம் மொத்தமும்.
உப்புத்தண்ணித் தீவில் பாசி பறித்துக்
கிழிந்து காய்த்த கைகள்.
தட்டினால் சத்தம் சொரசொரவென்று வரும்,
சீக்கிரம் நிற்காது.

சால்வை, சாப்பாடு, போட்டோ.
பந்தலைப் பிரிக்கும்போது என் மேசைக்கு வந்தார்.
டோக்கன் நோட்டைப் பார்க்கலாமா என்றார்.
போனவர், வந்தவர், இரண்டே பத்தி.
விரலை வைத்து மேலிருந்து இறங்கினார்.
நாலு, நாலு. ஆறு, ஆறு. ஐந்து, ஐந்து.
போன ஆடியில் ஓரிடத்தில்
நாலு, மூன்று.
விரல் நின்றது.

"பேரு?"
"லூர்தையா. பெர்னதத்துக்கு மூத்தவன்."

அவள் அங்கே எச்சில் இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.
வெகுநேரம் நோட்டை மூடவில்லை அவர்.
பிறகு, வாங்கிய கடனைத் திருப்புகிறவர்போலக்
குரலைத் தாழ்த்தி
அவரும் ஒரு பெயரைச் சொன்னார்.
ஊர் சொல்லவில்லை. வருடம் சொல்லவில்லை.

பேனா என் கையில்தான் இருந்தது.
அந்தப் பெயரை நான் எங்கும் எழுதவில்லை,
இங்கேயும்.