ஆயிரத்து நூற்று முப்பத்தாறு பைட்

சாலையை அகலப்படுத்த வந்த இயந்திரம்
மாலை ஆறரைக்கு எங்கள் கேபிளைக் கடித்துவிட்டது.
"லைன் இல்லேன்னா என்ன, எடை போட்டுக்கிட்டே இருங்க"
என்று சொல்லிவிட்டு மேலாளர் ஓசூர் போய்விட்டார்.
கந்திகுப்பம் வரைக்கும் லாரி வரிசை,
எல்லாம் பெங்களூரா, கூழுக்கு.

எடைகளை எங்கே வைப்பது?
வட்டில் எழுதும் பகுதியை
அடுத்த வாரத்துக்குத் தள்ளியிருந்தேன்.
ஆகவே நினைவகத்தில்,
மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே
இருக்கிற ஓர் இடத்தில்.

ஒரு லாரிக்குப் பதினாறு பைட்.
பத்தில் வண்டி எண், மூன்றில் எடை, மூன்றில் நேரம்.
அடியில் கிடந்த பழம் நசுங்கிச் சொட்டியதற்கு
இடம் கிடையாது.

அறுபத்து நான்கில் தொடங்கினேன்: நாலு லாரி.
ஐந்தாவது மேடையேறியதும்
பஃபர் இரட்டிப்பு இடம் கேட்டு வாங்கி
நாலையும் அங்கே நகலெடுத்து வைத்து
பழைய இடத்தைக் கைவிட்டது.
ஒன்பதாவதில் மறுபடி.
பதினேழில். முப்பத்து மூன்றில்.
வீடு மாறுவது போல என்று எழுத வந்தேன், இல்லை,
வீடு மாறுகிறவர்கள் ஒரு கரண்டியையாவது
மறந்துவிட்டுத்தான் போவார்கள்.
இது ஒரு பைட்டும் விடாது.
பழைய முகவரியோடு வருகிறவனுக்குத்தான்
வேறு யாரோ கதவு திறப்பார்கள்.

அறுபத்தைந்தாவது லாரிக்கு
இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு ஆயிற்று.
அஸ்மத் எண்ணைப் படிக்க, நான் பார்க்க,
திரையில் எதுவும் அசையவில்லை.
பெருகுவது வெளியே தெரியாது.

பத்தேகாலுக்கு லைன் வந்தது.
அனுப்பு என்றேன்.
போய்ச் சேர்ந்தது: பூஜ்யம் பைட்.

எழுபத்தொரு லாரி, பூஜ்யம்.
கெம்பண்ணா ஜன்னலில் முகம் வைத்து
"ஏம்மா, சீட்டு?" என்றார்.
யூபிஎஸ் கத்தத் தொடங்கியிருந்தது.
நிறுத்தித் திருத்தலாம்;
நிறுத்தினால் திருத்த எதுவும் இருக்காது.

பஃபருக்குள் ஒரு சுட்டி இருக்கிறது,
எழுத எழுத முன்னே நகரும்.
எழுதி முடித்த இடத்திலேயே அது நின்றுகொண்டிருந்தது.
அங்கிருந்து படி என்று நான் சொல்ல
அங்கிருந்து படித்தது.
அதற்கு அப்பால் யாரும் எதுவும் எழுதவில்லை.
பொய் சொல்லவில்லை அது.
திரும்பிப் பார் என்று
நான்தான் சொல்லவில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குள் கைவிட்டு
சுட்டியைப் பூஜ்யத்துக்கு இழுத்தேன்.
அனுப்பப் போன விரலை
இன்னொரு பயம் பிடித்தது:
கொள்ளளவைக் கொடுத்தால்
காலியாய்க் கிடக்கும் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டும் போகும்.
எண்ணில்லாத, எடையில்லாத ஐம்பத்தேழு லாரிகள்
நள்ளிரவில் போய்ச் சேர்ந்து
கணக்கு எழுதுகிறவரை எழுப்பும்.
நீளம் வேறு, கொள்ளளவு வேறு.
நீளத்தைக் கொடுத்தேன்.

ஆயிரத்து நூற்று முப்பத்தாறு.
வந்தது என்றது அந்தப் பக்கம்.
அஸ்மத் எழுந்து போய் டீசல் ஊற்றினான்,
இனி தேவையில்லை என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

அச்சுப்பொறி கெம்பண்ணாவின் சீட்டைத் துப்பியது.
டியூப்லைட்டுக்குக் கீழே தூக்கிப் பிடித்து
உதடசைத்துப் படித்தார்.
"எட சரியா இருக்கு.
நூத்துக்கு நாலு கழிவுன்னு போட்டிருக்கே,
இத எப்ப எழுதின?"

நான் எழுதவில்லை.
அது அந்தப் பக்கத்தில் சேர்வது.
மூன்று பைட்டில் நான் வைத்த எடை
மூன்று பைட்டாகத்தான் போனது என்று
எப்படிச் சொன்னாலும்
நானே போட்டது போலத்தான் கேட்கும்.

வெளியே எழுபத்திரண்டாவது லாரி
ஹாரனை விடாமல் அடித்தது.
பஃபரில் இடம் நிறைய இருந்தது.