இடுப்பளவு

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
நாற்பத்திரண்டு வேகன் சிமெண்ட்
ஆடி அசைந்து கூட்ஸ் ஷெட்டுக்குள் போகிறது.
வண்டிகளை அணைத்துவிட்டு
எல்லோரும் ரயில்வேயைத் திட்டுகிறார்கள்.
என் பையிலும் அந்தக் கடலில் ஒரு துண்டு,
அரியலூரில் சூளைக்குத் தப்பியது,
இரண்டரைக் கிலோ,
நேற்றைய தினத்தாளில் சுற்றி.

கல்லூரியில் கல் அரைக்கும் இயந்திரம்
பிப்ரவரியிலிருந்து ரிப்பேர்.
ஆகவே மாடி அறை, கண்ணாடிப் பலகை,
கார்போரண்டம் பொடி, சொம்புத் தண்ணீர்,
என் மூன்று விரல்.
எட்டு எட்டாகச் சுழற்றித் தேய்க்கவேண்டும்,
முப்பது மைக்ரானுக்குக் கல் இளைக்கும்வரை,
வெளிச்சம் அதற்குள் நுழைந்து
அந்தப் பக்கம் வரும்வரை.
ஒரு சுற்று கூடிப்போனால்
கடல் மொத்தமும் விரல்நுனியில் சேறு.
இரண்டு முறை ஆகியிருக்கிறது.

படிக்கட்டில் நின்று பூங்காவனம் கத்துகிறார்:
"இன்னாமா ராவெல்லாம் கரகரன்னு,
யாரு கல்யாணத்துக்கு மஞ்ச அரைக்கிற?"

ஆனால் அமிலச் சீசா அவருக்குப் பிடிக்கும்.
ஒரு சொட்டு விட்டால் கல் நுரைக்கும்.
ஏழு கோடி வருடம் அடக்கிவைத்த மூச்சு
சுர்ரென்று வெளியேறி
கால்வாய் நாற்றத்தோடு கலந்துவிடும்.
"எங்க சொவுத்துல வுடு" என்றார் ஒருநாள்.
பழைய சுண்ணாம்புப் பூச்சு. அதுவும் நுரைத்தது.
கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பு, இதுவும் கடல்தான் என்றேன்.
காரை பெயர்ந்ததற்கு
முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

இன்று வெட்டுமுகத்தில், லென்ஸுக்குக் கீழே:
சிப்பிகள். அத்தனையும் குப்புற.
வாழ்ந்த இடத்திலேயே செத்த சிப்பி
இப்படிக் கிடக்காது.
ஏதோ ஒன்று வந்து புரட்டி,
முதுகை மேலாக்கி, போயிருக்கிறது.
அதன்மேல் படிந்த மென்சேறு விரற்கடை உயரம்.
குறிப்பேட்டில் எழுதினேன்: புயல்.
ஒரு பகல், அல்லது ஒரு பகலும் இரவும்.
வெப்பம்: ஐதராபாத்துக்குப் பொடி அனுப்பியிருக்கிறது,
எத்தனை டிகிரி என்று ஆறு மாதத்தில் சொல்வார்கள்.
ஆழம்: ?

டீ கொண்டுவந்தவர் எட்டிப் பார்த்தார்.
"எவ்ளோ தண்ணி இருந்துச்சி அங்க?"
பாசி இழை இருக்கிறது,
ஆக வெயில் அடித்தரையைத் தொட்டிருக்கும்,
பத்து மீட்டர் இருக்கலாம், முப்பதும் இருக்கலாம் என்றேன்.
"அளந்து சொல்ல ஆளு இல்லியா?"
"இல்லை."

கீழே கூட்டிப்போனார்.
பீரோவில், சுவரில், முருகன் படத்தின் கண்ணாடியில்,
ஒரே மட்டத்தில் ஓடுகிறது எண்ணெய்க் கோடு.
டிசம்பர் வெள்ளத்தோடு வந்த கறுப்பு.
இரண்டு முறை பெயிண்ட் அடித்தும்
உள்ளிருந்து வியர்க்கிறது.

"இங்க இடுப்பு" என்றார், கையை வைத்துக் காட்டி.
"தண்ணி வடிஞ்சப்புறம் பாத்தா
டம்ளரு, சொம்பு, எல்லாம் கவுந்து கெடக்குது.
ஒரே பக்கமா, வாசலப் பாத்து.
நீ சொல்ற சிப்பி மாரியே.
ரேஷன் கார்டு மட்டும்
எந்தப் பக்கம் போச்சின்னு தெரில."

டேப் எடுத்துவந்தேன்.
கோடு: தொண்ணூற்றொன்று.
பூங்காவனத்தின் இடுப்பு: தொண்ணூற்று மூன்று.
இரண்டு சென்டிமீட்டர் இடிக்கிறதே என்றேன்.
கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தார்.
"அன்னிக்கு டில்லிபாபுக்கு கால்ல பிளேட்டு.
மூட்ட வுழுந்து ஒடஞ்ச காலு.
அவர முதுவுல சாச்சிக்கினு இருந்தேன்.
குனிஞ்சிருப்பேன்."

வெளியே கேட் திறந்து
எல்லா ஹாரனும் ஒன்றாக அடித்தன.

ஆழத்துக்கு எதிரே
கேள்விக்குறி இன்னும் அப்படியே இருக்கிறது.
அதற்கு அடுத்த பக்கத்தில்,
வேறு கல்லுக்காக விட்டுவைத்த இடத்தில்:
கொருக்குப்பேட்டை. கடைசிப் படிவு.
தொண்ணூற்றொரு சென்டிமீட்டர்,
கூடக்குறைய இரண்டு.
அளந்தவர் பூங்காவனம்,
குனிந்தபடி.