நூலில் மூன்று மணி

ரெஜினின் முழங்கால் என் நெற்றியில் இறங்கியபோது
பந்து என் கைக்குள்தான் இருந்தது.
அதைத்தான் தூத்தூரில் எல்லோரும் சொல்கிறார்கள்.
எனக்கு நினைவிருப்பது,
கடல் சற்று நேரம் தலைக்கு மேலே தொங்கியது,
யாரோ சோடாவால் முகம் கழுவியது.

ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்:
"தலைக்குள்ள ஒண்ணுமில்ல."
"அது எங்களுக்கு முன்னாலேயே தெரியும்" என்றான் அண்ணன்.
சிரித்தேன்.
சிரித்த வாய் மூடுமுன் டியூப்லைட் கண்ணைக் குத்தியது.

வீங்கவில்லை, தையல் இல்லை, கட்டு இல்லை.
காட்ட ஒரு காயம்கூட இல்லாமல்
எப்படி நோயாளியாக இருப்பது?
வலையில் கண்ணி இரண்டிரண்டாய்ப் பிரிய
ஊசி காற்றைக் கோத்துக்கொண்டிருந்தது.
"மடி" என்றார் அப்பா, மெதுவாகத்தான்.

ஞாயிறு வாசகம் என் முறை.
பாதியில் ஒரு வரி வழுக்கியது.
அடுத்ததைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.
தண்டனை பெற வேண்டியவனுக்கு
என் வாயால் பரிசு கிடைத்துவிட்டது.
ஆமென் சொன்னார்கள்.
அச்சன் மட்டும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்,
இரண்டு பேராக.

ஏத்தன்குலையோடு ரெஜின் வந்தான்.
வாசலில் இரண்டு ரெஜின்.
ஒருவன் முகத்தில் வருத்தம் இருந்தது,
மற்றவன் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தான்.
எவனை மன்னிப்பது என்று தெரியாமல்
பழத்தை வாங்கிக்கொண்டேன்.

மார்த்தாண்டம் போகும் பஸ்ஸில்
ரப்பர் மரம், வெயில், ரப்பர் மரம், வெயில்.
நித்திரவிளை தாண்டுமுன் ஜன்னலில் வாந்தி.

பினிஷா டாக்டர் ஒரு பேனாவை
என் மூக்கை நோக்கிக் கொண்டுவந்தார்.
ஒரு சாண் இருக்கும்போதே பேனா பிளந்தது.
"ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு.
சேர்ந்து திரும்பத்தான் மறந்துபோச்சு."
ஆறு வாரத்தில் முதல்முறையாக
ஒருவர் என்னை நம்பினார்.
வெளியே வந்து, வெயிலுக்குக் கை மறைத்து,
கொஞ்சம் அழுதேன்.

இப்போது தினமும் இதுதான்:
ஜன்னல் கம்பியில் கட்டிய நைலான் நூல்,
மறுமுனை என் மூக்கில்.
தங்கையின் அறுந்த மாலையிலிருந்து மூன்று மணி,
சிவப்பு, பச்சை, மஞ்சள்.
பார்க்கும் மணியில்
இரண்டு நூல் வந்து குறுக்கே வெட்டவேண்டுமாம்.
ஒரு நூல் இரண்டாகத் தெரிவதுதான் சரி என்று
இங்கே மட்டும் சொல்கிறார்கள்.
எனக்கோ நூல் சரி, மணியும் இரண்டு.

நேற்று பச்சை மணி
ஏழு எண்ணும்வரை ஒன்றாக நின்றது.
எட்டில் விலகியது,
கரையைவிட்டுத் தள்ளிய வள்ளம்போல, அவசரமில்லாமல்.

கீழே கடற்கரையில் விசில்.
என் இடத்தில் ஷாரோன் நிற்கிறான்,
வலதுபக்கம் திறந்து விடுகிறான்,
கூச்சலிலேயே தெரிகிறது.
கம்பத்தில் பந்து மோதுகிறது.
மூக்கில் நூலோடு கேட்கிறேன்:
ஒரே ஒரு சத்தம்.