தொண்ணூற்றிரண்டு நொடி

மீன் ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில்
நீள மேசைகளைச் சுவரோடு ஒதுக்கினோம்.
மூன்று படுக்கை விரிப்புகளைச் சேர்த்துத் தைத்த திரை.
தையல் நடுவே ஓடுவதால்
எந்த முகம் வந்தாலும்
ஒரு தழும்போடுதான் வரும்.

போலந்து சினிமா வாரம் என்று
சுவரொட்டி எழுதியவன் வியெஸ்வாவ்.
வாரம் என்றால் வெள்ளியும் சனியும்.
மலைப்பாதையைப் பனி மூடியதில்
வெள்ளியும் போயிற்று.
மிஞ்சியது ஒரு சனி, ஒரு படம்,
உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த
நூற்றெண்பது பியெரோகி.

படத்தின் அடியில் ஓடும் ஐஸ்லாந்து வரிகள்
என்னுடையவை.
நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை,
சூரியன் மலையைத் தாண்டி எட்டிப் பார்க்காத மாதங்களில்,
செதில் ஒட்டிய விரல்களால் தட்டிய
எழுநூற்றுப் பதினாறு வரி.
சொல் சிக்காத நாட்களில்
எதிர்ப்புறம் நின்று மீன் அறுக்கும் ஹால்டோராவிடம்
இயந்திர இரைச்சலுக்கு மேல் கத்திக் கேட்பேன்:
வர மறந்தவனுக்கும் வர மறுத்தவனுக்கும்
உங்கள் மொழியில் ஒரே சொல்லா?
கத்தியை நிறுத்தாமல் சொல்வாள்:
இங்கே வராதவன் எல்லாம் ஒரே கணக்கு.

வார்சாவிலிருந்து வந்த புதுப் பிரதியில்
முகப்பில் நன்றியறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்.
அமைச்சகம், அறக்கட்டளை, வங்கி,
மறுபடியும் அமைச்சகம்.
தொண்ணூற்றிரண்டு நொடி.
என் வரிகளுக்கு அது தெரியாது.
முந்திரிக்கொட்டைகளாய் முன்னால் ஓடின.

குதிரை வியாபாரி கேலி பேசும் முன்பே
வலப்பக்கம் சிரித்தது.
இடப்பக்கத்து நாங்கள் திரும்பிப் பார்த்தோம்.
பிறகு அவன் பேசினான்,
நாங்கள் சிரித்தோம்,
அவர்கள் அதற்குள் வேறெதற்கோ
முகம் சுளித்துக்கொண்டிருந்தார்கள்.

ஓடிப்போய்க் கேட்டேன், சரிசெய்ய முடியுமா என்று.
வியெஸ்வாவ் கை விரித்தான்.
இதெல்லாம் தெரிந்த மருமகன்
இழுவைப் படகில், கடலில்.

அப்புறம் கடிதம்.
சுரங்கத்துக்குப் போனவனின் மனைவி
உறையை வாங்குகிறாள். பிரிக்கவில்லை.
உப்புப் பானைமேல் சாய்த்து வைக்கிறாள்.
மாவு பிசைகிறாள். அடுப்பை ஊதுகிறாள்.
அடியில், வெள்ளை எழுத்தில், என் வரி:
அவன் இனி வரமாட்டான்.

வலப்பக்கத்தில் நாற்காலிகள்கூட அசையவில்லை.
எங்கள் பக்கத்தில் யாரோ இருமினார்,
யாரோ காகிதப் பொட்டலம் பிரித்தார்.
ஹால்டோரா எழுந்து நின்றாள்.
எதற்கென்று அவளுக்கே தெரிந்திருக்காது.
திரும்பும் படகுகளை
விரல்விட்டு எண்ணும் ஊர் இது.
சேதி கொண்டுவந்தவன்
கதவைத் தட்டாமல் வாசலில் நிற்கிற கொஞ்ச நேரம்
இங்கே எல்லோருக்கும் பழக்கம்.

எனக்குப் படம் மனப்பாடம்.
ஆனாலும் அவள் அடுப்பை ஊதி
நான் பார்த்ததே இல்லை.
வசனம் இல்லாத இடம் என்று
ஒவ்வொரு முறையும் ஓட்டிவிடுவேன்.
இன்றுதான் பார்த்தேன்,
ஊதும்போது சாம்பல் பறந்து
புருவத்தில் படிகிறது.
துடைத்துக்கொள்ளக் கையில்லை,
இரண்டு கையிலும் மாவு.

உறை கிழிந்தது.
எங்கள் பக்கம் விசும்பியது.
மேற்பார்வையாளர் தோர்லாகுர்
எப்போதோ நீட்டிய கைக்குட்டையை
காரணம் புரியாமல் வாங்கி
மடியில் வைத்திருந்தாள் லுட்மிவா.
இப்போது எடுத்தாள்.

முடிந்ததும் ஆட்கள் மேசையை இழுத்துப் போட்டார்கள்.
பியெரோகி போதவில்லை.
அடுத்த வருடம் நகைச்சுவைப் படம் என்று தீர்மானம்,
இரண்டு மொழியில்,
ஒரே நேரத்தில்.

திங்கள் காலை ஆறு மணி.
முதல் மீன் வருவதற்குள்
ஹால்டோரா கேட்டாள்:
அந்த மனுஷி கடைசியில் ரொட்டி சுட்டாளா?
நான் கீழேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

சுட்டாள், என்றேன். கருகிவிட்டது.
அதற்கு வரி கிடையாது.